எக்ஸிமாவுக்கு எது: குசாட்சுவா, அவேனா, டொயோடோமியா?

வெந்நீர் ஊத்துல குளிச்சா அலர்ஜி போயிடும்னு யாராவது சொன்னா, எந்த அலர்ஜி, எந்த ஊத்துன்னுதான் நான் முதல்ல கேப்பேன். எனக்கு இருக்கறது அட்டாபிக் எக்ஸிமா, அதாவது தோல் வறண்டு வெடிச்சு விடாம அரிக்கிற நோய். முழங்கை மடிப்பு, கழுத்து எல்லாம் ராத்திரி தூக்கத்துலயே சொறிஞ்சு காலைல பாத்தா பெட்ஷீட்ல ரத்தம் இருக்கும். அதனால இதை எக்ஸிமாக்காரங்களை மனசுல வெச்சுதான் எழுதறேன்.

ஜப்பான்ல குன்மா மாகாணத்துல இருக்கற குசாட்சுதான் இதுல பெரிய பேர். தண்ணியோட பிஹெச் கிட்டத்தட்ட 2, எலுமிச்சை சாறு மாதிரி அமிலம். எக்ஸிமா தோல்ல ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ்னு ஒரு பாக்டீரியா கூட்டமா குடியேறி அரிப்பைத் தூண்டிவிட்டுட்டே இருக்கும், இந்தத் தண்ணியோட அமிலமும் அதுல இருக்கற மாங்கனீஸும் அயோடைடும் சேந்து அதைக் கொல்லுதுன்னு அந்த ஊர் டாக்டர்கள் 90கள்லயே ஆராய்ச்சி பண்ணி எழுதியிருக்காங்க, வேற மருந்துக்கு அடங்காத பலருக்கு இதுல குறைஞ்சிருக்கு. ஆனா வெடிச்ச தோலோட நான் அதுல இறங்கினப்போ மிளகாய் அரைச்சுப் பூசின மாதிரி எரிஞ்சுது. பழைய முறைப்படி 48 டிகிரி வரைக்கும் சூட்டுல மூணு நிமிஷம் உக்காரணும், அந்தச் சூடே அரிப்பைக் கிளப்பும். குசாட்சுல குளிச்சவங்க திரும்பி வர்ற வழியில சாவாதாரின்னு ஒரு ஊர்ல மென்மையான தண்ணில குளிச்சு தோலை ஆத்திக்கிற வழக்கம் ரொம்ப காலமா உண்டு, இதுலேர்ந்தே குசாட்சு தண்ணி தோலுக்கு எவ்ளோ கடுமைன்னு புரிஞ்சுக்கலாம்.

பிரான்ஸ்ல இருக்கற அவேன் இதுக்கு நேர் எதிர். ஊத்துலேர்ந்து வரும்போதே 25 டிகிரிதான், உப்பு ரொம்ப கம்மி. அங்க சிகிச்சைன்னு போனா மூணு வாரம் தங்கணும், குளியல், ஸ்ப்ரே, கூடவே தோல் டாக்டரோட கவனிப்பு. இதுல தண்ணியோட பங்கு எவ்ளோ, டென்ஷன் இல்லாம மூணு வாரம் இருக்கறதோட பங்கு எவ்ளோன்னு பிரிக்க முடியாது, ஆனா எரியாது, அது எனக்குப் பெரிய விஷயம்.

ஜப்பானோட வடக்குத் தீவான ஹொக்கைடோவோட வடக்குப் பக்கம் டொயோடோமின்னு ஒண்ணு, எண்ணெய்க் கிணறு தோண்டப் போய் கிடைச்ச ஊத்து. தண்ணி மேல எண்ணெய் மிதக்கும், மண்ணெண்ணெய் வாடை அடிக்கும். சிகிச்சைக்குன்னு வர்றவங்க வெதுவெதுப்பான தொட்டில ரொம்ப நேரம் உக்காருவாங்க. வறண்ட தோலுக்கு அந்த எண்ணெய்ப் படலம் இதமா இருக்கறதாலதான் எக்ஸிமாக்காரங்க அங்கேயே குடியேறின கதையெல்லாம் உண்டு.

என்னோட ஓட்டு டொயோடோமிக்கு, அடுத்தது அவேன். புண்ணு நீர் வடிஞ்சு இன்ஃபெக்ஷன் ஆகுற டைப்பா இருந்தா மட்டும் டாக்டரைக் கேட்டுட்டு குசாட்சு போகலாம்.

சூடு பட்டா, வேர்த்தா தடிப்பு எழும்புற அர்ட்டிகேரியாக்காரங்க தயவுசெஞ்சு சூடான எந்த ஊத்துலயும் இறங்காதீங்க, அந்தச் சூடே உங்களுக்கு எதிரி. ஆஸ்துமா இருந்தா கந்தக வாடை தூக்கலா இருக்கற குளியலறைல நெஞ்சு இறுக்கும். எந்த ஊத்துக்குப் போனாலும் போட்டுட்டு இருக்கற ஆயின்ட்மென்ட்டை நிறுத்தாதீங்க, வெளிய வந்து மூணு நிமிஷத்துக்குள்ள ஈரம் காயறதுக்கு முன்னாடி மாய்ஸ்சரைசர் தடவிடுங்க.