குடும்பச் சுற்றுலாவுக்கு ஒரே மாதிரி டி-சர்ட்: வீட்டு இஸ்திரியா, கடை டிடிஎஃப்பா?

மதுரையிலிருந்து கொடைக்கானலுக்கு எட்டுப் பேர் கிளம்புகிறீர்கள், ஒரு நாள் போட்டோவுக்கு மட்டும்தான் சட்டை என்றால் இங்க்ஜெட் டிரான்ஸ்ஃபர் பேப்பர் (வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் படத்தை அச்சிட்டு, இஸ்திரியால் துணிக்கு மாற்றும் தாள்) போதும். வெள்ளை அல்லது வெளிர் நிறப் பருத்தித் துணியாக வாங்குங்கள். வெளிர் நிறத் துணிக்கான பேப்பரில் படத்தைக் கண்ணாடி பிம்பமாகத் திருப்பி அச்சிட வேண்டும். மறந்தால் ‘அத்தை’, ‘சித்தப்பா’ எல்லாம் இடம் வலமாகத் திரும்பிவிடும். அடர்நிறத் துணிக்கான பேப்பரில் திருப்பக் கூடாது.

பெரும்பாலும் தவறு நடப்பது இஸ்திரியில். மெத்தென்ற விரிப்பின் மேல் தேய்த்தால் அழுத்தம் இறங்காது. கெட்டியான மேசையில் ஒரு பருத்தித் துணி விரித்தால் போதும். நீராவியை அணைத்துவிடுங்கள். முதலில் சட்டையைச் சூடாக்கி ஈரத்தைப் போக்குங்கள். பிறகு பேப்பரை வைத்து, எடை கொடுத்து அழுத்துங்கள், ஓரங்களுக்குக் கூடுதல் நேரம். முதலில் உரிவது ஓரம்தான். 24 மணி நேரம் கழித்தே துவைக்கலாம்.

வருடம் முழுக்கப் போடவேண்டுமானால் டிடிஎஃப் (கடையில் பிளாஸ்டிக் ஃபிலிமில் அச்சிட்டு, சூட்டில் துணிக்கு மாற்றும் முறை) நல்லது. எந்த நிறத் துணியிலும் ஒட்டும், எழுத்தைச் சுற்றிப் படலம் தெரியாது. ஹீட் பிரஸ்ஸில் (சூடாக்கி அழுத்தும் இயந்திரம்) சுமார் 150 டிகிரி செல்சியஸ், 10 முதல் 15 விநாடி. கடைக்கு வேர்ட் ஃபைல் கொடுக்காதீர்கள்: அங்கே அந்த ஃபான்ட் இல்லையென்றால் கொம்பும் காலும் இடம் மாறிவிடும். பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாக, 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) தெளிவில் கொடுங்கள்.

படம் பெரிதானால் இரண்டிலும் நெஞ்சில் காற்றுப் புகாது. சித்திரை வெயிலில் உள்ளங்கை அளவே சுகம்.