பூனை ஸ்பேசர்: அந்த அசையும் இதழை மட்டும் நம்பாதீர்கள்

ஆஸ்துமா பூனைக்கு மருந்து கொடுக்க மெடிக்கலில் கிடைக்கிற குழந்தை ஸ்பேசர் (இன்ஹேலருக்கும் முக மாஸ்க்குக்கும் நடுவே மாட்டும் பிளாஸ்டிக் குழாய்) போதாதா, பூனைக்கென்றே விற்பதற்கு இத்தனை விலை தண்டம்தானே என்று நண்பர் கேட்டார். காலை, மாலை என இரண்டு வருடம் ஓடிய ஸ்பேசரை வைத்துச் சொல்கிறேன்.

விலைக்குக் காரணம், மூச்சுக்கு மூச்சு அசையும் ஒரு சின்ன இதழ். நாலு கிலோ பூனை ஒரு மூச்சில் இழுப்பது சுமார் 40 மில்லி காற்று. மடியில் பிடித்திருக்கும்போது விலா அசைவது சரியாகப் பிடிபடாது. இதழைப் பார்த்து எண்ணலாம். ஒரு பஃபுக்கு, அதாவது இன்ஹேலரை ஒருமுறை அழுத்துவதற்கு, 7 முதல் 10 மூச்சு. நல்ல யோசனைதான், மறுக்கவில்லை.

ஆனால் சனியன் ஒட்டிக்கொள்கிறது! கழுவிய ஈரம் மிச்சமிருந்தால் ஒட்டும். மாஸ்க் ஓரத்தில் காற்று கசிந்தாலும் அசையாது. 'புஸ்' சத்தத்துக்குப் பயந்து பூனை மூச்சைப் பிடித்துக்கொண்டாலும் அசையாது. மூன்றும் பார்வைக்கு ஒன்றுதான். எது என்று புரிவதற்குள் பூனை கட்டிலுக்கு அடியில். மருந்து போகவில்லையோ என்று இன்னொரு பஃப் அடிக்கக் கை துறுதுறுக்கும், அடிக்காதீர்கள்.

சத்தத்துக்கு வழி உண்டு. இன்ஹேலரைக் குலுக்கி, பூனை முகத்திலிருந்து தள்ளி வைத்து ஸ்பேசருக்குள் அடித்து, அடுத்த நொடியே மாஸ்க்கைப் பொருத்துங்கள். தாமதித்தால் மருந்து பிளாஸ்டிக் சுவரில் அப்பிக்கொள்ளும். புது ஸ்பேசரிலும் துணியால் துடைத்த ஸ்பேசரிலும் நிலைமின்சாரம் ஏறியிருக்கும், இழப்பு இன்னும் அதிகம். அதனால் முதல்முறை போடும் முன்பும், பிறகு வாரம் ஒருமுறையும், வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு விட்டு 15 நிமிடம் ஊறப்போட்டு, தேய்க்காமல் உதறி, நிற்கவைத்துக் காற்றிலேயே காயவிடுங்கள். காலை டோஸ் முடிந்த கையோடு கழுவினால் மாலைக்குள் காயும். மழைக்காலத்தில் அதுவும் சந்தேகம்.

மிச்சம் எத்தனை பஃப் என்று காட்டும் கவுன்ட்டர் இல்லாத இன்ஹேலர் தனி ரோதனை. 120 பஃப் குப்பி, தினம் இரண்டு வீதம் 60 நாளில் தீரும். பிறகும் 'புஸ்' வரும், வெறும் வாயுதான். இருமல் திரும்பியதும் நோய் முற்றிவிட்டது என்று பதறுவார்கள். திறந்த தேதியைக் குப்பியிலேயே எழுதிவிடுங்கள்.

தினமும் இன்ஹேலரில் கொடுக்கும் ஸ்டீராய்டான ஃப்ளூட்டிகசோன் வேலை காட்ட ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். அதுவரை பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது. டாக்டர்தான் படிப்படியாகக் குறைப்பார். மூச்சுக்குழாயைச் சட்டென்று விரிக்கும் சால்புட்டமால் மூச்சுத்திணறலுக்கு மட்டும், தினசரிக்கு அல்ல. டோஸ் முடிந்ததும் ஈரத்துணியால் முகத்தைத் துடைத்து, பிடித்த தீனி ஒரு வாய் கொடுத்தால் மறுநாள் ஓடி ஒளிவது குறையும். கொசுவர்த்தியும் சாம்பிராணியும் எரியும் வீட்டில் இத்தனையும் வீண்.

உண்மையான அளவுகோல் இதழ் அல்ல. பூனை தூங்கும்போது 30 நொடிக்கு மூச்சை எண்ணி இரண்டால் பெருக்குங்கள். 30-ஐத் தாண்டியே நின்றால் டாக்டரைக் கூப்பிடுங்கள். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அந்த நிமிடமே கிளம்புங்கள்.

குழந்தை ஸ்பேசரா? சின்ன மாஸ்க் இருந்து, பூனையின் இழுப்புக்கு வால்வு திறந்தால் அதுவும் வேலை செய்யும், விலையும் குறைவு. இத்தனை திட்டியும், இது உடைந்தால் நான் மறுபடி வாங்கப்போவது அந்தப் பாழாய்ப்போன இதழ் வைத்ததைத்தான்.