காலின்ஸ், முர்கௌஸ்கி: இரண்டு செனட்டர்களின் பேச்சும் வாக்கும்

2017 ஜனவரி 31ஆம் தேதி, பெட்சி டிவோஸைக் கல்வி அமைச்சராக்கும் அதிபர் டிரம்பின் பரிந்துரையை அமெரிக்க செனட்டின் கல்வி, சுகாதாரக் குழு 12க்கு 11 என்ற கணக்கில் அவைக்கு அனுப்பியது. டிரம்பின் குடியரசுக் கட்சியைச் சேர்ந்த அந்தப் பன்னிரண்டு பேரில் மெய்ன் மாநிலத்தின் சூசன் காலின்ஸும் அலாஸ்காவின் லிசா முர்கௌஸ்கியும் இருந்தார்கள். மறுநாளே இருவரும் அவையில் எழுந்து, டிவோஸை ஏற்க முடியாது என்று அறிவித்தார்கள். பிப்ரவரி 7ஆம் தேதி சொன்னபடியே எதிர்த்து வாக்களித்தார்கள். கணக்கு 50க்கு 50 என்று நின்றது. துணை அதிபர் மைக் பென்ஸ் தன் வாக்கைப் போட்டு டிவோஸை அமைச்சராக்கினார். அமைச்சர் நியமனம் ஒன்று துணை அதிபரின் வாக்கால் தேறியது அமெரிக்க வரலாற்றில் அதுவே முதல்முறை.

செய்திகளில் நிலைத்தது அந்த எதிர்ப்புதான். எனக்கு முக்கியமாகப் படுவதோ குழுவில் விழுந்த வாக்கு. இருவரில் ஒருவர் அங்கே மறுத்திருந்தாலும் 11க்கு 12 ஆகியிருக்கும். குழுவின் ஒப்புதலே கிடைத்திருக்காது. அதிபரின் தேர்வுக்கு முழு அவையின் வாக்கெடுப்பு கிடைக்க வேண்டும் என்பது அவர்கள் சொன்ன காரணம். மதிக்கத்தக்க காரணம்தான். ஆனால் தடுக்க முடிந்த இடத்தில் தடுக்காமல், தடுக்க முடியாத இடத்தில் எதிர்த்தார்கள் என்பதும் பதிவேட்டில் இருக்கிறது.

குடியரசுக் கட்சியின் மிதவாதிகள் என்று இந்த இருவரையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவது வழக்கம். இருவருடைய பேச்சையும் வாக்கையும் அருகருகே வைத்துப் படித்தால் அந்த அடைமொழி நிற்காது. இருவரிடமும் சொல்லுக்கும் வாக்குக்கும் இடைவெளி உண்டு. அது விழும் இடம்தான் வேறு. காலின்ஸ் பிறர் தந்த வாக்குறுதியை நம்பி வாக்களிப்பவர். முர்கௌஸ்கி தன் மனதில் உள்ளதை ஒளிக்காமல் சொல்வார். பல சமயம் வாக்கு அதற்கு எதிர்த்திசையில் போகும்.

இந்திய வாசகருக்கு இந்த அலசலே சற்று அந்நியமாக இருக்கலாம். 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்துக்குப் பிறகு, கொறடாவின் உத்தரவை மீறி வாக்களிக்கும் நம் எம்.பி. பதவியையே இழக்க நேரிடும். அமெரிக்க செனட்டில் அப்படி ஒரு சட்டம் இல்லை. முக்கிய வாக்கெடுப்புகளில் ஒவ்வொரு வாக்கும் பெயரோடு பதிவாகிறது. அதற்கு அவரவரே பொறுப்பு. கட்சி கட்டாயப்படுத்தியது என்று அங்கே யாரும் தப்பிக்க முடியாது.

இருவரும் சேர்ந்து நின்ற உச்சம் 2017 ஜூலை. ஒபாமா கொண்டுவந்த மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தை ரத்து செய்யும் முயற்சி ஜூலை 28 அதிகாலையில் 49க்கு 51 என்று தோற்றது. எல்லோருக்கும் நினைவிருப்பது ஜான் மெக்கெய்ன் கட்டைவிரலைக் கீழே காட்டிய காட்சி. ஆனால் மூன்று நாள் முன்னதாக, அந்த மசோதாவை விவாதத்துக்கே எடுக்கக் கூடாது என்று வாக்களித்த குடியரசுக் கட்சியினர் இந்த இரண்டு பெண்கள் மட்டும்தான். மெக்கெய்ன் அன்று ஆதரித்தார். மறுநாளே முர்கௌஸ்கியைப் பெயர் சொல்லி டிரம்ப் ட்விட்டரில் சாடினார். அவர் அசையவில்லை. தொடக்கத்திலும் முடிவிலும் ஒரே பதில் சொன்ன அந்த ஜூலை மாதத்துக்காக இருவருக்கும் முழு மதிப்பெண் கொடுப்பேன்.

அதே ஆண்டு டிசம்பரில் வந்த வரிச் சட்டத்தைப் பற்றி அவ்வளவு பேர் பேசுவதில்லை. ஜூலையில் தோற்ற மசோதாவின் மையமே, காப்பீடு எடுக்காதவருக்கான அபராதத்தை ஒழிப்பதுதான். டிசம்பர் வரிச் சட்டம் அதே அபராதத்தைப் பூஜ்யமாக்கியது. இருவரும் ஆதரித்தார்கள். முர்கௌஸ்கிக்கு அலாஸ்காவின் ஆர்க்டிக் வனவிலங்குக் காப்பகத்தில் எண்ணெய் எடுக்க அனுமதி கிடைத்தது. பல ஆண்டுகளாக அவர் கேட்டுவந்த ஒன்று. காலின்ஸுக்குக் கிடைத்தது ஒரு வாக்குறுதி: காப்பீட்டுச் சந்தையைத் தாங்கிப்பிடிக்கும் இரண்டு மசோதாக்களை நிறைவேற்ற உதவுவதாகக் கட்சித் தலைவர் மிட்ச் மெக்கானல் உறுதியளித்தார். இரண்டுமே சட்டமாகவில்லை. ஒருவர் கையில் வாங்கிக்கொண்டு வாக்களித்தார், மற்றவர் கடனுக்கு வாக்களித்தார்.

காலின்ஸின் இந்தப் பழக்கம் மிகப் பெரிய விலை கேட்டது, உச்ச நீதிமன்ற நீதிபதியாக டிரம்ப் பரிந்துரைத்த பிரெட் கேவனா விவகாரத்தில். 2018 ஆகஸ்டில் கேவனாவை நேரில் சந்தித்துவிட்டு வந்த காலின்ஸ், கருக்கலைப்பு உரிமை தந்த ரோ தீர்ப்பு நிலைபெற்ற சட்டம் என்பதை அவர் ஒப்புக்கொண்டதாக நிருபர்களிடம் சொன்னார். கிறிஸ்டின் பிளேசி ஃபோர்டு கேவனா மீதான பாலியல் குற்றச்சாட்டுடன் செப்டம்பர் 27ஆம் தேதி சாட்சியம் அளித்த பிறகு நாடே இந்த இருவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அக்டோபர் 5 காலை, விவாதத்தை முடிக்கும் வாக்கெடுப்பில் முர்கௌஸ்கி எழுந்து, காதில் விழாத அளவுக்குத் தாழ்ந்த குரலில் மறுப்பைச் சொன்னார். மாலையில் காலின்ஸ் முக்கால் மணி நேரம் பேசினார். கேவனாவின் பழைய தீர்ப்புகளை எடுத்துக்காட்டி, முன்தீர்ப்புகளை எளிதில் உடைக்கக் கூடியவர் அல்ல அவர் என்று வாதிட்டு, ஆதரவை அறிவித்தார். அடுத்த சில நிமிடங்களில் ஜனநாயகக் கட்சியின் ஜோ மான்சினும் ஆதரவு தெரிவித்தார். மறுநாள் 50க்கு 48 என்று நியமனம் தேறியது.

அந்த இறுதி வாக்கெடுப்பில் முர்கௌஸ்கி எதிர்க்கவும் இல்லை, ஆதரிக்கவும் இல்லை. அவையில் இருப்பதாக மட்டும் பதிவு செய்தார். மகளின் திருமணத்துக்காக மொண்டானா போயிருந்த ஸ்டீவ் டெய்ன்ஸின் ஆதரவு வாக்கை ஈடுகட்ட அவர் காட்டிய சகஉறுப்பினர் மரியாதை அது. முடிவை அது மாற்றவில்லை. காலையில் சொன்ன மறுப்பே அவருடைய நிலைப்பாடு; அலாஸ்கா பூர்வகுடிகளின் கூட்டமைப்பும் கேவனாவை எதிர்த்திருந்தது, அவர்களுடைய ஆதரவில்லாமல் முர்கௌஸ்கியின் அரசியல் இல்லை.

2022 ஜூன் 24ஆம் தேதி ரோ தீர்ப்பு ரத்தானது. கேவனா பெரும்பான்மையில் இருந்தார். அவரும் டிரம்ப் நியமித்த மற்றொரு நீதிபதியான நீல் கோர்சச்சும் தன்னிடம் சொன்னதற்கும் விசாரணையில் பேசியதற்கும் இந்தத் தீர்ப்பு முரணானது என்று காலின்ஸ் அறிக்கை விட்டார். அந்த அறிக்கையைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. முக்கால் மணி நேர உரையில் தன் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துவைத்ததை மதிக்கிறேன். எத்தனையோ செனட்டர்கள் இரண்டு வரி அறிக்கையோடு ஒதுங்கிக்கொள்வார்கள். ஆனால் ஆயுள் முழுவதும் பதவியில் இருக்கப்போகும் நீதிபதி தனியறையில் சொன்ன ஒரு வாக்கியம் எந்த உத்தரவாதமும் ஆகாது. 1997 முதல் செனட்டில் இருப்பவருக்கு இது தெரியாதா?

இந்த ஒரு விஷயத்தை வைத்து முர்கௌஸ்கியைக் குற்றமற்றவராக்குவோரும் உண்டு. 2020 அக்டோபரைப் பார்க்க வேண்டும். தேர்தல் நெருங்கிய வேளையில் ஏமி கோனி பேரட்டை உச்ச நீதிமன்றத்துக்கு நியமிக்கும் அவசரத்தை இருவரும் கண்டித்தார்கள். காலின்ஸ் கடைசி வரை எதிர்த்தார்; 52க்கு 48 என்று முடிந்த வாக்கெடுப்பில் எதிர்த்த ஒரே குடியரசுக் கட்சிக்காரர் அவர்தான். முர்கௌஸ்கி விவாதத்தை முடிக்கும் வாக்கெடுப்பில் எதிர்த்துவிட்டு, மறுநாள் பேரட்டை ஆதரித்தார். ஆக டிரம்ப் முதல் ஆட்சியில் நியமித்த மூன்று நீதிபதிகளில் காலின்ஸ் கோர்சச்சையும் கேவனாவையும் ஏற்றார். முர்கௌஸ்கி கோர்சச்சையும் பேரட்டையும் ஏற்றார். கருக்கலைப்பு உரிமையை ஆதரிப்பதாகச் சொல்லும் இருவரும் அதை ரத்து செய்த இந்த மூவரில் தலைக்கு இருவரை அமர்த்தியிருக்கிறார்கள். காலின்ஸின் பெயர் மட்டும் அதில் கெட்டது.

பதவி நீக்க விசாரணைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2020இல் சாட்சிகளை அழைக்கலாம் என்றார் காலின்ஸ், வேண்டாம் என்றார் முர்கௌஸ்கி, டிரம்பை விடுவித்தார்கள் இருவரும். அதிபர் இதிலிருந்து பாடம் கற்றிருப்பார் என்றார் காலின்ஸ். மறுபடியும் அதே நம்பிக்கை. டிரம்பின் நடத்தை வெட்கக்கேடானது என்று அவையில் பேசிவிட்டு விடுவித்தார் முர்கௌஸ்கி. 2021 பிப்ரவரியில் இரண்டாவது விசாரணையில் இருவருமே குற்றவாளி என்றார்கள். அப்படி வாக்களித்த ஏழு குடியரசுக் கட்சியினரில் அடுத்த ஆண்டே தேர்தலைச் சந்திக்க வேண்டியிருந்தது முர்கௌஸ்கி ஒருவர்தான். மாநிலக் கட்சி அவரைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது.

அந்தத் துணிச்சலுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 2010இல் தன் கட்சியின் வேட்பாளர் தேர்விலேயே தோற்றவர் அவர். வாக்குச்சீட்டில் பெயர் இல்லை. வாக்காளர்கள் அவர் பெயரைக் கைப்பட எழுதி ஜெயிக்க வைத்தார்கள். 1954க்குப் பிறகு செனட்டுக்கு அப்படி யாரும் வந்ததில்லை. அலாஸ்கா இப்போது கட்சிப் பாகுபாடில்லாத முதல் சுற்றையும் வேட்பாளர்களை விருப்ப வரிசைப்படி குறிக்கும் தரவரிசை வாக்கையும் பின்பற்றுகிறது. கட்சியின் தயவு அவருக்கு மற்றவர்களைவிடக் குறைவாகவே தேவை. காலின்ஸின் கணக்கு வேறு: 2020இல் ஜோ பைடன் மெய்னில் 9 சதவீத வித்தியாசத்தில் வென்றபோதும், அதே வாக்காளர்கள் காலின்ஸை 8 சதவீதத்துக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயிக்க வைத்தார்கள். இரு கட்சியினரும் தன்னை நம்ப வேண்டும் என்பதே அவருடைய பிழைப்பு.

2025இல் இடங்கள் மாறின. ஏப்ரலில் அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரில் நடந்த கூட்டம் ஒன்றில் முர்கௌஸ்கி, நாங்கள் எல்லோரும் பயந்துபோயிருக்கிறோம், பழிவாங்கல் நிஜமானது என்று வெளிப்படையாகச் சொன்னார். பதவியில் இருக்கும் வேறொரு குடியரசுக் கட்சி செனட்டர் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. ஜூலை 1ஆம் தேதி டிரம்பின் வரி, செலவுக் குறைப்பு மசோதா 50க்கு 50 என்று நின்றது. துணை அதிபர் ஜே.டி. வான்ஸ் வாக்குப் போட்டு முடித்தார். குடியரசுக் கட்சியில் காலின்ஸ், டாம் டில்லிஸ், ராண்ட் பால் எதிர்த்தார்கள். முர்கௌஸ்கி ஆதரித்தார். அவர் மறுத்திருந்தால் மசோதா அங்கேயே விழுந்திருக்கும்.

அவர் வாங்கியது என்ன? உணவு உதவித் திட்டத்தின் செலவில் மாநிலங்கள் பங்கேற்க வேண்டும் என்ற விதியில், பட்டுவாடாத் தவறுகள் மிக அதிகமுள்ள மாநிலங்களுக்குக் கால அவகாசம்; அலாஸ்காவும் அதில் வரும். திமிங்கில வேட்டைக்குப் போகும் பூர்வகுடிப் படகுத் தலைவர்களுக்கு வரிக் கழிவு 10,000 டாலரிலிருந்து 50,000 டாலராக உயர்ந்தது. அலாஸ்காவில் இவை உண்மையான குடும்பங்களுக்கு உண்மையான பணம்; நான் இதை எள்ளவில்லை. மறுபக்கம், நாடு முழுவதும் 2034க்குள் கூடுதலாகச் சுமார் 1 கோடிப் பேர் காப்பீடு இல்லாதவர்களாவார்கள் என்பது அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் பட்ஜெட் அலுவலகம் இந்தச் சட்டத்துக்குப் போட்ட மதிப்பீடு. வாக்களித்துவிட்டு வெளியே வந்தவர், மசோதா தனக்குப் பிடிக்கவில்லை என்றும் பிரதிநிதிகள் சபை அதைச் செப்பனிடும் என்று நம்புவதாகவும் சொன்னார். ஜூலை 3ஆம் தேதி சபை எதையும் மாற்றாமல் 218க்கு 214 என்று நிறைவேற்றியது. கேவனா விஷயத்தில் காலின்ஸ் ஏமாந்தார் என்றாவது சொல்லலாம். முர்கௌஸ்கி மசோதா மோசம் என்று அறிந்தே ஆதரித்தார். எனக்கு இது அதைவிடக் கனமான தவறாகப் படுகிறது.

காலின்ஸின் எதிர்ப்பு வாக்கை அதற்காக வானளாவப் புகழவும் முடியாது. ஜூன் 28 இரவு, இதே மசோதாவை விவாதத்துக்கு எடுக்கும் வாக்கெடுப்பு மூன்று மணி நேரத்துக்கு மேல் முடிக்கப்படாமல் கிடந்தது. கடைசியில் 51க்கு 49 என்று தேறியது. டில்லிஸும் பாலும் எதிர்த்துவிட்டார்கள். காலின்ஸும் முர்கௌஸ்கியும் சேர்ந்து மறுத்திருந்தால் 49க்கு 51. எந்த மசோதாவை அவைக்குக் கொண்டுவருவது என்பதில் கட்சித் தலைவருக்கு விட்டுக்கொடுப்பதே தன் வழக்கம் என்று காலின்ஸ் விளக்கினார். 2017 ஜூலையில் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. பிறகு கிராமப்புற மருத்துவமனைகளுக்கான நிதியை உயர்த்த அவர் கொண்டுவந்த திருத்தத்துக்குக் கிடைத்தவை 22 வாக்குகள், எதிராக 78. காலின்ஸின் பதவிக்காலம் 2027 ஜனவரியில் முடிகிறது, முர்கௌஸ்கியுடையது 2029இல். மெய்ன் வாக்காளர்கள் ஜூலை 1ஆம் தேதி வாக்கோடு ஜூன் 28ஆம் தேதி வாக்கையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.