கீமோல விரல் மரத்துப்போகுதா: ஐஸ் பேக்கா, டைட் கிளவுஸா?

முடி கொட்டும், வாந்தி வரும்னு எல்லாரும் சொன்னாங்க. ஒரு கால் செருப்பு கழண்டது கூட தெரியாம அம்மா தெருமுனை வரைக்கும் நடப்பாங்கன்னு யாரும் சொல்லல. மார்பகப் புற்று, வாராவாரம் பாக்லிடாக்சல்ங்கிற கீமோ மருந்து, மொத்தம் 12 தடவை. நாலாவது முடிஞ்சதும் விரல் நுனி மதமதன்னு ஆகி, ஜாக்கெட் கொக்கி மாட்ட என்னைக் கூப்பிட ஆரம்பிச்சாங்க. டாக்டர், ரொம்ப முத்துனா டோஸ் குறைக்கணும், அதுக்கு முன்னாடி ட்ரிப் ஏறும்போது கையில ஐஸ் வைங்க, இல்ல இறுக்கமா கிளவுஸ் போடுங்கன்னார். ரெண்டும் விரலுக்குப் போற ரத்தத்தை அந்த நேரம் மட்டும் குறைக்கிற வேலைதான், ரத்தத்தோட வர்ற மருந்தும் அங்க கம்மியா போகும்.

ஐஸ் நல்லாவே கேக்குது, இல்லன்னு சொல்லல. ஜப்பான்ல கியோட்டோல 36 பேருக்கு ஒரு பக்கம் மட்டும் உறைஞ்ச கிளவுஸ் போட்டுப் பாத்து 2018ல எழுதியிருக்காங்க, அந்தப் பக்கம் மரத்துப்போறது நல்லா குறைஞ்சிருக்கு. நகம் கறுக்கிறவங்களுக்கும் ஐஸ்தான் நல்லது. ஆனா அதைக் கட்டி மேய்க்கணுமே! காலைல 6 மணிக்கு தெர்மோகோல் பெட்டில அடைச்சு பஸ் ஏறுவோம், பிளட் ரிப்போர்ட் வந்து, மருந்து கலந்து, பெட் கிடைச்சு ட்ரிப் ஏறும்போது மணி 1, பெட்டிக்குள்ள வெறும் தண்ணி. வார்டு ஃப்ரிட்ஜ் மருந்துக்கு மட்டும். மீறி உறைஞ்சது கிடைச்சாலும் பாதியில மாத்த இன்னொரு செட் வேணும், அம்மாவோ ஏசி குளிர்லயே நடுங்கிட்டு பத்து நிமிஷத்துல கையை உருவிடுவாங்க.

ஆறாவதுலேர்ந்து கிளவுஸ்தான். அம்மா கைக்கு 6½ சைஸ், நாங்க வாங்குனது 6, மெடிக்கல்ல கிடைக்கிற சாதா சர்ஜிகல் கிளவுஸ். மோதிரம் கழட்டிட்டு ட்ரிப்புக்கு அரை மணி முன்னாடி போட்டு, முடிஞ்சு அரை மணி கழிச்சு எடுக்கணும். விரல் நீலமாச்சுன்னா உடனே கழட்டிடணும். நெஞ்சுல தோலுக்கடியில மருந்து ஏத்துறதுக்குன்னு வெச்ச போர்ட் இருந்ததால ஊசி இடைஞ்சல் இல்ல, கையில ஊசி போடுறவங்க நர்ஸ்ட்ட கேட்டுக்கோங்க. வியர்க்கும், நசநசன்னு இருக்கும், ஆனா கைப்பைல மடிச்சு வெச்சா போதும், எத்தனை மணிக்கு பெட் கிடைச்சாலும் கவலையில்ல.

ஒண்ணு, ஆக்ஸாலிபிளாட்டின்ங்கிற இன்னொரு கீமோ மருந்து ஏறுறவங்க ஐஸ் பக்கமே போகாதீங்க, அந்த மருந்துக்கு குளிர் பட்டாலே விரல் சுரீர்னு இழுக்கும்.

கை மரத்துப்போறது கிளவுஸாலதான் நின்னுச்சான்னு சத்தியம் பண்ண முடியாது, ரெண்டு கையிலயும் போட்டதால ஒப்பிட வழியில்ல. கொக்கி இப்ப அவங்களே மாட்டிக்கிறாங்க. காலுக்கு எதுவும் பண்ணல, கால் விரல் இன்னும் மரத்துதான் இருக்கு, செருப்பை மாத்தி பின்னாடி வார் வெச்சது வாங்கிக் குடுத்திருக்கேன்.