அப்பாவின் காது மெஷின்: உள்ளே வைப்பதா, பின்னால் மாட்டுவதா?

அப்பா குமாரபாளையத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் விசைத்தறி ஓட்டியவர். தறி ஓடும்போது பட்டறைக்குள் யாரும் பேசிக்கொள்வதில்லை, எல்லாம் கை ஜாடைதான். ஓய்வுபெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. "சத்தம் கேக்குது, என்ன சொல்றீங்கன்னுதான் புரியல" என்பார். தட்டு எடுக்கச் சொன்னால் 'பட்டா?' என்று கேட்பார்.

இரைச்சலில் போன காது இப்படித்தான் இருக்கும். உள்காதில் ஒலியை உணரும் நுண்ணிய முடி செல்கள் முதலில் 4000 ஹெர்ட்ஸ் பக்கம், அதாவது கீச்சென்ற உயர்ந்த சுருதியில், சாகின்றன. உயிரொலிகள் தாழ்ந்த சுருதியில் இருப்பதால் தப்பித்துவிடும். ச, ட, த போன்றவற்றின் கூர்மை மங்கிவிடும். செத்த செல் மறுபடி முளைக்காது. அதனால் மெஷின் தவிர வேறு வழியில்லை என்றார் டாக்டர். எல்லாக் காதுக்கும் இது பொருந்தாது. குறும்பி அடைத்திருந்தால் எடுத்தால் போதும். செவிப்பறையில் ஓட்டை விழுந்தோ, நடுக்காதின் அங்கவடி எலும்பு இறுகியோ கேட்காமல் போனால் ஆபரேஷனுக்கே வழியுண்டு. ஒரே நாளில் திடீரென்று ஒரு காது அடங்கினால் மெஷின் கடைக்கே போகக்கூடாது, அன்றைக்கே காது மூக்கு தொண்டை டாக்டர்.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். முதலில் வாங்கியது காதுக்குள் முழுசாகப் போகும் சின்ன மெஷின். காரணம் வெளியே தெரியாது என்பதுதான். பேரன் கல்யாணத்தில் 'செவிட்டு மெஷினோடு' நிற்க அப்பாவுக்கு மனசில்லை. கடைக்காரரும் அதையே தள்ளிவிட்டார். எட்டு மாதத்தில் மூன்று முறை ரிப்பேர். இப்போது மாட்டியிருப்பது காதுக்குப் பின்னால் உட்காரும் பழைய மாடல்.

தோற்றத்தில் உள்ளே வைப்பதுதான் ஜெயிக்கும், காற்றடித்தால் வரும் இரைச்சலும் அதில் குறைவு. போனை வழக்கம்போல் காதில் வைத்துப் பேசலாம். பின்னால் மாட்டுவதில் போனைக் கொஞ்சம் மேலே தூக்கிப் பிடிக்க அப்பாவுக்கு ஒரு மாதம் ஆயிற்று. பலம் வேண்டுமென்றால் பின்னால் மாட்டுவது. காது இன்னும் மந்தமானால் அதிலேயே சத்தத்தைக் கூட்டி வைக்க இடமிருக்கிறது.

எங்களுக்கு முடிவு சொன்னது குறும்பி. அது சுரப்பது காதுக்குழாயின் வெளிப்பாதியில். உள்ளே வைக்கும் மெஷினின் ஸ்பீக்கர் வாய் அந்தச் சேற்றுக்குள்ளேயே நாள் முழுக்கக் கிடக்கிறது. வாயில் ஒரு வடிகட்டி இருக்கும், கடுகை விடப் பெரிதில்லை. அது அடைத்துக்கொண்டால் மெஷின் செத்த மாதிரிதான், சத்தமே வராது. குச்சியால் பழசைக் கழற்றிப் புதுசை அழுத்த வேண்டும். கண்புரை தொடங்கிய கண்ணுக்கும் தடித்த விரலுக்கும் அது நடக்கிற காரியமா? அப்பா ஊக்கால் குத்தினார். அதோடு ஸ்பீக்கர் போயிற்று. முதல் இரண்டு ரிப்பேரும் வெறும் அடைப்புதான், அதற்கும் காசு வாங்கினார்கள். இப்படி அடைக்கும் என்று விற்கும்போது ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பின்னால் மாட்டுவதில் மின்சாமான் எல்லாம் காதுக்கு வெளியே. உள்ளே போவது காதின் வடிவுக்கு வார்த்த சிலிக்கோன் அச்சும் ஒரு குழாயும் மட்டும். வாரம் ஒருமுறை அச்சைக் கழற்றி, சோப்புத் தண்ணீரில் கழுவி, ஊதிக் காயவைத்துத் திரும்ப மாட்டினால் முடிந்தது. அம்மாவே செய்துவிடுகிறார். குழாய் சில மாதத்தில் விறைத்துப் போகும், மாற்ற வேண்டும். அது சில்லறைச் செலவு. காதில் சீழ் வடிபவர்களுக்கு உள்ளே அடைக்கும் மெஷின் இன்னும் மோசம், காற்றோட்டம் போய் சீழ் கூடும், மெஷினும் கெடும்.

பாட்டரியும் இதே கதைதான். சின்ன மெஷினுக்கு மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டிய 10ஆம் நம்பர், வாரம் தாங்காது. இதற்கு ஆரஞ்சு ஸ்டிக்கர் 13, பத்து நாளுக்கு மேல் வருகிறது, விரலுக்கும் பிடிபடுகிறது. ஸ்டிக்கரைப் பிரித்ததும் காற்று புகுந்து வேலையைத் தொடங்கிவிடும், திரும்ப ஒட்டினாலும் மிச்சமாகாது. சார்ஜ் போடும் வகையை நாங்கள் வைத்துப் பார்க்கவில்லை, அதனால் அதற்குச் சாட்சி சொல்ல மாட்டேன்.

வியர்வை மட்டும் பின்னால் மாட்டுவதன் எதிரி. சித்திரையில் ஒருமுறை கரகரத்தது. இப்போது ராத்திரி பாட்டரிக் கதவைத் திறந்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் போட்ட டப்பாவில் வைத்துவிடுகிறோம். கண்ணாடிக் கம்பியும் மெஷினும் ஒரே காதில் சண்டை போடுவதும் உண்மை.

அப்புறம் ஒன்று. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் தகுதி உள்ளவர்களுக்கு இலவசமாகக் கொடுப்பதும் காதுக்குப் பின்னால் மாட்டும் வகைதான். காது கேட்கும் அளவைச் சோதித்த தாளை (ஆடியோகிராம்) எடுத்துக்கொண்டு அங்கே ஒரு நடை போய்விட்டு அப்புறம் கடைக்குப் போங்கள். எங்களுக்கு இது இரண்டாவது மெஷினுக்குக் காசு கட்டிய பிறகுதான் தெரிந்தது.