தாருக்கு முதல் செலவு: ஏ.டி. டயரா, லிஃப்ட் கிட்டா?

என்னுடையது மூன்று கதவு மஹிந்திரா தார் ஜீப், எல்.எக்ஸ் மாடல் டீசல், ஃபோர் பை ஃபோர் (நாலு சக்கரத்துக்கும் விசை போகும்). வந்தபடியே கொஞ்ச காலம் ஓட்டிவிட்டு, கையில் காசு சேரச் சேர ஒவ்வொன்றாக மாற்றலாம் என்று உட்கார்ந்தபோது இரண்டு வழி தெரிந்தது. ஒன்று, உயரத்தில் கை வைக்காமல் 16 இன்ச் வீல், ஏ.டி. டயர் (ரோடு, காடு இரண்டுக்கும் பொதுவான ஆல் டெரெய்ன்), அடியில் பாதுகாப்புத் தகடு, மாட்டிக்கொண்டால் வெளியே வருவதற்கான சாமான்கள். இன்னொன்று, வண்டியை இரண்டு இன்ச் உயர்த்தும் லிஃப்ட் கிட், 33 இன்ச் எம்.டி. டயர் (சேற்றுக்கான மட் டெரெய்ன்), இரும்பு பம்பர். நான் முதல் வழி. என் நண்பர் அதே வண்டியில் இரண்டாவது வழி. இரண்டு வண்டியும் சேர்ந்தே ஜவ்வாது மலைப் பக்கமும் மதுராந்தகம் பக்கத்து வற்றிய ஏரிகளிலும் போய் வந்திருக்கின்றன. அதனால் இது பாதி அனுபவம், பாதி பக்கத்தில் நின்று பார்த்தது.

தோற்றத்தில் நண்பருடைய வண்டிக்குத்தான் ஓட்டு. சென்னை ஜி.எஸ்.டி. ரோட்டில் சத்தமில்லாமல் ஓடுவது, மழை ஈரத்தில் தார் ரோட்டைப் பிடித்து நிற்பது எல்லாம் ஏ.டி. டயருக்கு. குழைந்த களிமண்ணில் எம்.டி. டயர் கெட்டி. இதில் யாருக்கும் சண்டை இல்லை.

உயரம் என்ற விஷயத்தில்தான் நிறைய பேர் அவசரப்படுகிறார்கள். தாரில் முன்னால் இண்டிபெண்டன்ட் சஸ்பென்ஷன் (ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும்), பின்னால் இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் முழு ஆக்சில். லிஃப்ட் கிட் போட்டால் சேஸிஸும் (அடிச்சட்டம்) பாடியும் மேலே போகும். பின் ஆக்சிலின் நடுவில் தொங்கும் டிஃபரன்ஷியல், அதாவது சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் ‘டிஃப்’ உருண்டை, இருந்த இடத்திலேயே இருக்கும். கல்லில் முதலில் இடிப்பது பெரும்பாலும் அதுதான். அதை உயர்த்த ஒரே வழி டயர். கம்பெனி 255/65 ஆர்18 டயரின் விட்டம் ஏறக்குறைய 789 மி.மீ.; 33 இன்ச் டயர் 838 மி.மீ. அதில் பாதி, அதாவது 25 மி.மீ.தான் டிஃபுக்குக் கிடைக்கும் லாபம். லிஃப்டால் நடு வயிறு மேட்டில் தட்டாமல் தாண்டும், அது நிஜமான பலன். ஆனால் முன்பக்க ஏறு கோணம் (பம்பர் இடிக்காமல் ஏறக்கூடிய சரிவு) இந்த வண்டியில் கம்பெனியிலேயே 41 டிகிரிக்கு மேல். நம் பக்கத்துப் பாதைகளுக்கு அது போதும்.

நான் செய்தது நேர்மாறாகத் தெரியலாம். 18 இன்ச் அலாய் வீலைக் கழற்றிவிட்டு, இதே தாரின் ஏ.எக்ஸ் மாடலில் வந்த 245/75 ஆர்16 அளவுக்கு இறங்கினேன். விட்டம் 15 மி.மீ. குறைந்தது, தரை இடைவெளியில் ஏழெட்டு மி.மீ. போயிற்று. பதிலுக்கு டயரின் பக்கச்சுவர் 166-லிருந்து 184 மி.மீ. ஆனது. அந்தச் சதைதான் வேலை செய்கிறது. காற்றழுத்தத்தை 18 பி.எஸ்.ஐ.க்கு இறக்கினால் டயர் கல்லின் மேல் மடிந்து படிந்து பிடிக்கும், மணலில் பரந்து நிற்கும். 15-க்குக் கீழே போகாதீர்கள், திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். திரும்பக் காற்றடிக்க ஒரு சின்ன கம்ப்ரசர் வண்டியிலேயே இருக்க வேண்டும். மணல் என்றதும் ஈ.சி.ஆர். கடற்கரை ஞாபகம் வரும். அங்கே வேண்டாம், ஜனவரி முதல் மார்ச் வரை ஆமைகள் முட்டையிடும் கரை அது.

இனி என்னை முடிவெடுக்க வைத்த விஷயம், பராமரிப்பு. வாங்கும்போது இரண்டு வழிக்கும் ஒரே ஒரு பில்தான். அப்புறம்தான் வித்தியாசம். லிஃப்ட் ஏறியதும் முன்பக்க டிரைவ் ஷாஃப்ட்டின், அதாவது முன்சக்கரத்துக்கு விசை கொண்டுபோகும் தண்டின், கோணம் கூடுகிறது. நண்பரின் வண்டியை ஒருநாள் ஷெட்டில் தூக்கியபோது முன்சக்கர ரிம்மின் உள்பக்கம் முழுக்கக் கறுப்பு கிரீஸ் வட்டமாகத் தெறித்திருந்தது. அந்தத் தண்டின் ஜாயின்ட்டை மூடியிருக்கும் ரப்பர் உறையான பூட்டின் மடிப்பு ஒன்றில் விரல் நீளத்துக்குக் கிழிசல். மெக்கானிக் அதை விரலால் விரித்துக் காட்டி, "சார், ஜாயின்ட் எப்பவும் இந்தக் கோணத்துலயே சுத்தினா பூட் தாங்காது. மண்ணு உள்ள போச்சுன்னா ஜாயின்ட்டும் சேர்ந்து போயிடும்" என்றார். பூட்டோடு நிற்கவில்லை. அலைன்மென்ட் அடிக்கடி விலகுகிறது. பெரிய டயரின் எடை பால் ஜாயின்ட், வீல் பேரிங் இரண்டையும் தின்கிறது. டயர் 6 சதவீதம் பெரிதானதால் மீட்டர் 80 காட்டும்போது வண்டி 85-ல் போகிறது. கியர் விகிதமும் அதே அளவு நீண்டு, லோ ரேஞ்சில் (மெதுவாக, அதிக இழுவையோடு போகும் கியர்) ஊர்ந்து ஏறும் பலம் குறைகிறது. ஸ்டெப்னியும் 33 இன்ச் என்பதால் அந்தக் கனம் முழுக்கப் பின்கதவின் கீலில் தொங்குகிறது.

கடல் காற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உள்ளூரில் வெல்டிங் செய்த இரும்பு பம்பரில் துரு முதலில் எட்டிப்பார்ப்பது வெல்டு ஓரத்தில்தான். என் பக்கம் பராமரிப்பு என்றால் அடிக்கழுவல், டயரை இடம் மாற்றிப் போடுவது, தகட்டின் போல்ட்டை இறுக்குவது. அவ்வளவே.

சட்டமும் இதே பக்கம் சாய்கிறது. ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. முன்னால் கூடுதலாகப் பொருத்தும் இரும்புச் சட்டங்களான கிராஷ் கார்டு, புல் பார் வகையறாவை நீக்கச் சொல்லி 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. கம்பெனியே கொடுத்த டயர் அளவுக்குள் இருந்தால் இந்தத் தலைவலி குறைவு. விற்கும்போதும் அப்படித்தான், பழைய வண்டி பார்க்க வருபவர் முதலில் கேட்பது "ஸ்டாக்கா சார்?" என்றுதான். கழற்றிய அலாய் வீல்களை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

சென்னைக்கென்று ஒன்று: தண்ணீர். ஓடிச் சூடான ஆக்சில் வெள்ளத்தில் இறங்கியதும் உள்ளே காற்று சுருங்கி, பிரீதர் (ஆக்சிலுக்குள் காற்று போய்வரும் குழாய்) வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். குனிந்து பிரீதர் குழாய் எந்த உயரத்தில் முடிகிறது என்று பாருங்கள். தாழ்வாக இருந்தால் ஒரு துண்டு ஹோஸ் போட்டு மேலே ஏற்றுங்கள். வேளச்சேரி மாதிரி இடத்தில் முட்டளவு நீரில் ஓட்டிய பிறகு டிஃப் ஆயிலைத் திறந்து பார்ப்பது நல்லது. பால் விட்ட காபி நிறத்தில் இருந்தால் உடனே மாற்ற வேண்டும். இரண்டு வழிக்காரர்களுக்கும் இது கட்டாயம், செலவும் சொற்பம்.

மாட்டிய வண்டியை வடம் சுற்றி இழுக்கும் வின்ச் பற்றி அடித்துச் சொல்ல மாட்டேன், நான் இயக்கியது குறைவு. எல்.எக்ஸ் டீசலில் பின் ஆக்சிலுக்கு லாக்கிங் டிஃப் உண்டு, ஒரு சக்கரம் சும்மா சுற்றினால் இரண்டையும் சேர்த்துப் பூட்டிவிடும். தனி லாக்கர் தேடும் நிலை எனக்கு வரவில்லை. கோவாவில் மழைக்காலத்தில் நடக்கும் ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் போன்ற போட்டிக்குத் தயாராகிறவர் என்றால் கணக்கே வேறு, அவருக்கு நண்பரின் வழிதான் சரி.

மற்றவர்கள் டயரும் தகடும் போட்டு ஒரு மழைக்காலம் ஓட்டுங்கள். டயர் வாங்கும்போது பக்கச்சுவரில் உள்ள நாலு இலக்கத்தைப் பாருங்கள். 2324 என்றால் 2024-ன் 23-வது வாரத்தில் தயாரானது. நம் வெயிலில் வார இறுதி வண்டியின் டயர் தேய்வதற்கு முன்பே ரப்பர் காய்ந்து வெடிப்பு விடும், அதனால் பழைய சரக்கு வேண்டாம். மழை முடிந்ததும் வண்டியைத் தூக்கி அடியில் கீறல் எங்கே விழுந்திருக்கிறது என்று பாருங்கள். டிஃபில் கீறல் என்றால் லிஃப்ட் உதவாது. சேஸிஸின் நடுவில் கீறல் நிறைய என்றால் அப்போது லிஃப்ட் கிட்டுக்கு விலை கேட்கலாம்.