சிப்பா, டேக்கா, டிராக்கரா: வடசென்னையில் நாய் வளர்ப்பவர்களுக்கு ஓர் அலசல்

வளர்ப்பு நாய்க்கு மைக்ரோசிப்பும் உரிமமும் கட்டாயம், இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று சென்னை மாநகராட்சி 2025-ல் அறிவித்ததிலிருந்து தண்டையார்பேட்டை, மாதவரம் பக்கமெல்லாம் ஒரே கேள்விதான்: "கழுத்துல போன் நம்பரோட பெல்ட் இருக்கே, அப்புறம் எதுக்கு சிப்?" அபராதத்தைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டுப் பார்த்தாலும் இந்த அலசல் சிப் கட்சிதான். ஆனால் சிப்பை மட்டும் போட்டுவிட்டு நிம்மதியாக உட்கார முடியாது. எங்கே கோட்டை விடுகிறார்கள் என்பதைத்தான் விரிவாகப் பார்க்கவேண்டியிருக்கிறது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நாய் எங்கே திரிகிறது என்று சிப் காட்டாது. அதில் பேட்டரியும் இல்லை, சிம்மும் இல்லை. ஏறக்குறைய 12 மி.மீ. நீளம், 2 மி.மீ. தடிமனில் தோலுக்கு அடியில் ஊசியால் போடும் ஒரு கண்ணாடிக் குப்பி, உள்ளே கம்பிச் சுருளும் 15 இலக்க எண்ணும், அவ்வளவுதான். ஸ்கேனர் அனுப்பும் 134.2 கிலோஹெர்ட்ஸ் அலையிலிருந்தே சக்தி எடுத்து எண்ணைத் திருப்பிச் சொல்லும். தேய்மானம் கிடையாது, நாயின் ஆயுள் முழுக்க வரும்.

கழுத்து டேக்

போன் எண்ணோடு பட்டையில் தொங்கவிடும் தகடுதான் டேக். அதன் பலம், அதைப் படிக்க எந்தக் கருவியும் வேண்டாம் என்பது. போகி மேளத்துக்கோ சாவு ஊர்வல வெடிக்கோ மிரண்டு ஓடிய நாயை நாலு தெரு தள்ளி ஒரு டீக்கடைக்காரர் பிடித்துக் கட்டிவைத்தால், அவர் கையில் ஸ்கேனர் இருக்காது. கண்ணில் படுவது தகட்டில் வெட்டிய எண்தான். காணாமல்போன முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் டேக்கை மிஞ்ச எதுவும் இல்லை.

அதன் பிறகுதான் சிக்கல். டேக் பெரும்பாலும் தொலைவது தகட்டால் அல்ல, அதைப் பட்டையோடு கோக்கும் சின்ன வளையத்தால். காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் மாதிரி கடற்கரை ஓரத்தில் உப்புக் காற்றில் சாதாரண இரும்பு வளையம் சீக்கிரமே துருவேறி வாய் பிளந்துவிடும். துருப்பிடிக்காத ஸ்டீலில் இரட்டைச் சுற்று வளையமாகக் கேட்டு வாங்குங்கள். கொக்கி மாதிரி வளைத்துவிட்ட ஒற்றைக் கம்பி வேண்டாம். எண்ணை ஸ்டிக்கராக ஒட்டாமல் வெட்டிப் பொறித்து வாங்குங்கள். கியூஆர் டேக் வாங்குவோர், அது எந்த நிறுவனத்தின் பக்கத்தைத் திறக்கிறது என்று பார்க்கவேண்டும். அந்த நிறுவனம் கடையை மூடினால் டேக் வெறும் கறுப்புக் கட்டங்கள்தான். கியூஆருக்குக் கீழே எண்ணும் எழுத்தில் இருக்கட்டும்.

சிப்பிப்பாறை, கன்னி இன நாய் வளர்ப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும்: இவற்றின் தலை கழுத்தைவிட ஒல்லி. பயத்தில் பின்னுக்கு இழுத்தால் பட்டை காது வழியே கழன்று கையோடு வந்துவிடும், டேக்கும் அதோடு போச்சு. இழுத்தால் இறுகும் மார்ட்டிங்கேல் பட்டைதான் இவற்றுக்குச் சரி. திருடுபவனும் முதலில் அவிழ்ப்பது பட்டையைத்தான். இன்னொன்று வெள்ளம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது போலத் தண்ணீர் ஏறினால் நாயைச் சங்கிலியிலிருந்து அவிழ்த்துவிடுவதுதான் முறை. அப்போது பட்டை கழன்றுபோனாலும் அதன் உடம்போடு போவது சிப் ஒன்றுதான்.

டிராக்கர்

நாய் இருக்கும் இடத்தைப் போனில் காட்டும் டிராக்கர் பற்றிச் சுருக்கமாகவே சொல்ல முடியும்; நீண்ட நாள் கட்டிவைத்துப் பார்த்தவர்கள் இங்கே குறைவு. ஜிபிஎஸ் பட்டைக்குச் சிம், சந்தா, சில நாளுக்கு ஒருமுறை சார்ஜ் எல்லாம் வேண்டும். ஆப்பிளின் ஏர்டேக் வகையறாவுக்கு சிஆர்2032 பட்டன் பேட்டரி ஏறக்குறைய ஒரு வருடம் வரும், ஆனால் பக்கத்தில் அந்த நெட்வொர்க்கில் இருக்கும் போன் ஒன்று கடந்துபோனால்தான் இடம் தெரியும். பேசின் பிரிட்ஜ் ரயில் தண்டவாளத்துக்குள் புகுந்த நாய்க்கு எந்த நேரத்தில் எந்த ஐபோன் கடக்கும் என்று கணக்குப் போட முடியாது. ஏர்டேக் பொருள்களுக்கானது, செல்லப்பிராணிகளுக்கு அல்ல என்பது ஆப்பிள் சொல்வதே. கடித்து விழுங்கிவிட்டால் பட்டன் பேட்டரி உணவுக்குழாயைப் புண்ணாக்கும். அடிக்கடி வேலி தாண்டும் நாய் என்றால் கூடுதலாகக் கட்டலாம். சிப்புக்குப் பதிலாக இல்லை.

சிப் போடும்போது கவனிக்க வேண்டியவை

வேலை ஒரு நிமிடம்தான். மயக்க மருந்து தேவையில்லை. தடுப்பூசியைவிடத் தடித்த ஊசி என்பதால் சில நாய் ஒரு முறை கத்தும். அந்த ஒரு நிமிடத்தில் பார்க்க வேண்டியவை நிறைய.

ஊசிக்கு முன்னால் நாயை ஒருமுறை ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். வேறொருவரிடமிருந்து வாங்கிய அல்லது எடுத்து வளர்க்கும் நாய்க்குள் ஏற்கெனவே ஒரு சிப் இருக்கலாம். அடுத்து, பாக்கெட்டில் இருக்கும் சிப்பை உறையோடு ஸ்கேன் செய்து, திரையில் வரும் எண்ணும் ஸ்டிக்கரில் அச்சிட்ட எண்ணும் ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும். இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் தோலைத் தூக்கி, தோலுக்கு அடியில் போடுவார்கள். பிஸ்டனை முழுக்கத் தள்ளி முடிக்கும் முன்பே ஊசியை இழுத்தால் சிப் ஊசியோடேயே வெளியே வந்து ரோமத்தில் ஒட்டிக்கொள்ளும். பொமரேனியன் மாதிரி அடர்ந்த ரோமத்தில் இது யார் கண்ணுக்கும் தெரியாது. அதனால் ஊசி எடுத்ததும் அந்த இடத்தைக் கொஞ்ச நேரம் விரலால் அழுத்திப் பிடிப்பதும், உடனே மறுபடி ஸ்கேன் செய்வதும் கட்டாயம். அந்த இரண்டாவது ஸ்கேனைப் பார்க்காமல் மேசையிலிருந்து நாயை இறக்காதீர்கள். ஓரிரண்டு நாள் குளிப்பாட்டவோ அந்த இடத்தைத் தேய்க்கவோ வேண்டாம்.

சில நாய்க்கு சிப் இடம் நகர்ந்து தோளுக்கோ முன்காலுக்கோ இறங்கும். ஆபத்தில்லை, ஆனால் கழுத்தில் மட்டும் வைத்துப் பார்த்துவிட்டு 'சிப் இல்லை' என்று சொல்லிவிடுவார்கள். ஸ்கேனரை உடம்பை ஒட்டி மெதுவாக, பக்கவாட்டில் வளைத்து வளைத்து, தோளிலிருந்து முன்கால் வரை ஓட்ட வேண்டும். இரும்புச் சங்கிலியைக் கழற்றிவிட்டுப் பார்ப்பது நல்லது. உலோகம் அலையைக் கெடுக்கும். ஸ்கேனரில் சார்ஜ் குறைந்தாலும் இதே கதிதான்.

எல்லாவற்றையும்விட முக்கியம்: எண்ணுக்குப் பின்னால் யார்

சிப்புக்குள் உங்கள் பெயர் இல்லை, முகவரி இல்லை, போன் எண் இல்லை. வெறும் 15 இலக்கம். அந்த எண்ணை எந்தப் பதிவில் தேடினால் உங்கள் பெயர் வரும் என்பதில்தான் சிப்பின் மொத்த மதிப்பும் இருக்கிறது. இங்கேதான் மாநகராட்சி சிப்பும் தனியார் கிளினிக் சிப்பும் பிரிகின்றன.

தனியார் கிளினிக்கில் சிப் சரியாகவே போட்டிருப்பார்கள். ஸ்டிக்கரைத் தடுப்பூசிப் புத்தகத்தில் ஒட்டியும் கொடுப்பார்கள். தயாரித்த நிறுவனத்தின் பதிவேட்டில் எண்ணை ஏற்றுவது யார் வேலை? டாக்டர் உரிமையாளர் பார்த்துக்கொள்வார் என்று நினைப்பார், உரிமையாளர் டாக்டர் முடித்துவிட்டார் என்று நினைப்பார். எண் ஸ்கேனரில் வரும், பின்னால் ஆள் இருக்க மாட்டார். 15 இலக்கத்தில் முதல் மூன்று இலக்க எண் 900 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது தயாரிப்பு நிறுவனத்தின் குறியீடு. எந்த நிறுவனம், அதன் பதிவுப் பக்கம் எது என்று அன்றைக்கே கேட்டு, உங்கள் போனிலேயே எண்ணைப் போட்டுத் தேடிப் பாருங்கள். பெயர் வந்தால்தான் வேலை முடிந்தது.

மாநகராட்சிச் செல்லப்பிராணி மையத்தில் போட்டால் எண் உரிமத்தோடு சேர்ந்தே பதிவாகிறது. வடசென்னைக்காரர்களுக்குப் புளியந்தோப்பும் திரு.வி.க. நகரும் கைக்கெட்டும் தூரம். நாயை மாநகராட்சி நாய் வண்டியில் பிடித்துக்கொண்டு போனாலும் போய்ச் சேருவது மாநகராட்சியின் கருத்தடை மையம்தான். அங்கே சிப் எண்ணை முதலில் தேடிப் பார்க்கும் பதிவு எதுவோ அதில் உங்கள் பெயர் இருப்பதுதான் லாபம். உரிமக் கட்டணம் 2025-ல் 50 ரூபாயாக இருந்தது, ரேபிஸ் தடுப்பூசிச் சான்று கட்டாயம். ஏற்கெனவே தனியாரில் சிப் போட்டவர்கள் இன்னொரு சிப் போடத் தேவையில்லை. அதே எண்ணை உரிமத்தில் ஏற்றச் சொல்ல வேண்டும். ஸ்டிக்கரை எடுத்துக்கொண்டு போங்கள், வாயால் சொல்லி 15 இலக்கத்தில் ஒன்று பிசகினால் அவ்வளவுதான். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வேறு காரணத்துக்காகப் போகும்போதும் ஒருமுறை ஸ்கேன் செய்து பார்க்கச் சொல்லலாம்.

போட்டதோடு விட்டால் இதுவும் செத்துவிடும். வாடகை வீடு மாறுகிறது, ரீசார்ஜ் செய்யாத சிம் துண்டிக்கப்படுகிறது; 90 நாள் கழித்து அந்த எண் வேறொருவருக்கே போகலாம். நாய் கிடைத்த செய்தி யாரோ ஒருவர் காதில் விழும். அதனால் பதிவில் இரண்டு எண் கேட்டால் இரண்டாவதை அதே வீட்டு ஆளுடையதாகக் கொடுக்காமல், வேறு பகுதியில் இருக்கும் மாமா, அக்கா என்று ஒருவருடையதாகக் கொடுங்கள். வெள்ளத்தில் வீட்டுப் போன் எல்லாம் ஒன்றாகத்தான் அணையும். உரிமம் வருடா வருடம் புதுப்பிக்க வேண்டியது. அந்த நாளையே எண், முகவரி சரிபார்க்கும் நாளாகவும், சிப் படிக்கிறதா என்று பார்க்கும் நாளாகவும் வைத்துக்கொள்ளலாம். நாயைக் கொடுத்தாலும் விற்றாலும், ஸ்டிக்கர் ஒட்டிய புத்தகத்தோடு பதிவையும் புது ஆள் பெயருக்கு மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் அந்த நாய் யாரையாவது கடித்தால் தேடி வருவது உங்களைத்தான்.

ஆகச் செலவுக்கேற்றபடி: சிப்பும் மாநகராட்சிப் பதிவும் முதலில், ஸ்டீல் வளையத்தோடு பொறித்த டேக் அடுத்து. டிராக்கர் கைவசம் காசிருந்தால்.

வெளிநாடு போகும் வீடுகளுக்கு மட்டும் ஒரு வார்த்தை. ஐரோப்பிய நாடுகளுக்கு நாயைக் கொண்டுபோக, சிப் முதலிலும் ரேபிஸ் ஊசி அதன் பிறகும் போட்டிருக்க வேண்டும். வரிசை மாறியிருந்தால் அந்த ஊசி செல்லாது, மறுபடி போட வேண்டும். ஊசிக்கு 30 நாள் கழித்தே ரத்தம் எடுக்க வேண்டும், அதில் ரேபிஸ் எதிர்ப்புப் பொருள் (ஆன்டிபாடி) மில்லிலிட்டருக்கு 0.5 ஐயூ (சர்வதேச அலகு) அளவாவது வர வேண்டும். ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்கவும் வேண்டும். டிக்கெட் போடும் முன்பு இந்தக் கணக்கைப் போடுங்கள்.